நடுவில் இரண்டெழுத்து

நம் வயதுக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலீஷ் நமக்கு வாயால் வந்த பாஷை அல்ல, கண்ணால் வந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தோம். ஸ்பெல்லிங்கில் ஒன்று பிசகினால் உள்ளங்கையில் அடி வாங்கினோம். சத்தம் ஒன்றுபோலிருக்கும் வார்த்தைகளைக் காதால் பிரிக்கச் சொன்னால் இன்றைக்கும் நமக்குக் கஷ்டம்தான். காகிதத்தில் காட்டினால் சொல்லிவிடுவோம்.

அப்படி இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் எட்டெழுத்து. முதலில் டி. கடைசி ஐந்து எழுத்தும் அப்படியே ஒன்று. நடுவில் இரண்டெழுத்துதான் வேறு. ஒன்றில் ஐ, எஸ். மற்றதில் இ, சி. முதல் வார்த்தைக்கு நோய்ப்பட்டவர் என்று பொருள். இரண்டாவதற்கு இறந்துபோனவர். நம் வாயில் இரண்டும் டிசீஸ்டு.

தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவள் நான். வாரிசுச் சான்று கேட்டு வருகிறவர்களுக்காக அந்த இரண்டாவது வார்த்தையை நாள்தோறும் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்தை அடித்ததும் விரல் நின்றுவிடும். பக்கத்து மேசைக்காரர், "என்ன மேடம், மெஷின் மக்கர் பண்ணுதா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில், கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே எங்கள் ஊர். அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். ஓலைப்பாயில் கட்டிய சிப்பங்களைப் பஸ்ஸின் மேலே ஏற்றித் தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் கொண்டு போவார். நான் நாகர்கோவிலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். ஊரில் அப்படிப் படித்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண்கள் என் சீருடையில் கருவாட்டு வாசம் அடிக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். அடிக்கத்தான் செய்தது.

அந்த வருடம் ஆனி பிறந்ததிலிருந்தே கடல் சரியில்லை. கட்டுமரங்களை மேட்டு மணலில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் உப்புப் பிசுபிசுப்பு. தீக்குச்சி நாலு உரசினால் ஒன்று பற்றும். மத்தியானமும் மரச்சீனிக் கிழங்கு, சாயங்காலமும் மரச்சீனிக் கிழங்கு. அலைச்சத்தம் ஓயாமல் கேட்டுக் கேட்டு, எல்லோரும் கொஞ்சம் உரக்கவே பேசினோம்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் சித்தப்பா வளைகுடாவுக்குப் போனார். ஓர் அரபியின் மீன்பிடிப் படகில் வேலை. போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்குத் தாய் தகப்பன் இல்லை, அதனால் அவர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பகல் முழுக்க நைலான் நூலில் வலை முடிவாள். அவள் கையைப் பிடித்தால் விரலிடுக்கில் கயிறு அறுத்த கோடுகள் தட்டுப்படும்.

சித்தப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட வேலை பார்த்த யாரோ கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். ஒருமுறை விடுமுறைக்கு வந்த ஆள் கையில் ஒரு டேப்ரெக்கார்டரையும் ஒரு கேசட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தார். கேசட்டில் அவருடைய குரல். முதலில் தொண்டையைச் செருமுவார். "எல்லாரும் சொகமா? நான் சொகம். இங்க பயங்கரச் சூடு." பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் நிறுத்திவிடுவார். அங்கே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் கறகறப்பு மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். அப்புறம், "மீனு நெறய உண்டு. நம்ம ஊரு ருசி இல்ல," என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சித்தி அதைப் போடுவாள். பேச்சு வரும்போது வலை முடிந்துகொண்டிருப்பாள். பேச்சில்லாமல் விசிறி மட்டும் ஓடும் இடத்தில் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அது அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

தந்தி வந்தது ஒரு சனிக்கிழமை, பத்துப் பதினொரு மணி இருக்கும். எங்கள் பக்கத்துத் தபாலாபீசுக்குத் தந்தி நேராக வராது. நாகர்கோவிலிலிருந்து போனில் வாசிப்பார்கள், போஸ்ட் மாஸ்டர் அதைக் கேட்டுப் படிவத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தனுப்புவார். தபால்காரர் சைக்கிளை மணலில் உருட்ட முடியாமல் தோப்போரத்திலேயே சாத்திவிட்டு நடந்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அம்மா, "எனக்க மாதாவே," என்று நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

படிவத்தை என் கையில் கொடுத்தார்கள். நான்தானே இங்கிலீஷ் படிக்கிறவள். ஆறே வார்த்தைகள். கணவர் என்று முதல் வார்த்தை. அடுத்தது அந்த எட்டெழுத்து. ஆஸ்பத்திரியில். கடிதம் பின்னால் வரும். அந்த மாதம்தான் எங்களுக்கு அறிவியலில் நோய்கள் பாடம் நடந்திருந்தது. மலேரியா, காலரா, மஞ்சள்காமாலை என்று பாடம் முழுக்க அந்தச் சொல்தான். கடைசியில் ஒரு டி கூடியிருந்தது, அவ்வளவே. எங்கள் ஊர்ப் பேச்சில் நோய்க்குத் தீனம் என்று பெயர். எனக்கு ஒரு நிமிஷமும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"சித்தப்பாவுக்குத் தீனம். ஆஸ்பத்திரியில கெடக்காரு. லெட்டர் பொறவு வரும்," என்றேன்.

"என்ன தீனமாம்?" என்றாள் சித்தி.

"அது போடல்ல."

சித்தி உட்கார்ந்தாள். எழுந்தாள். "கஞ்சியாவது ஒழுங்கா குடுப்பானுவளா அங்க?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். அம்மா ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். எங்களுக்கு அது பெரிய துக்கமாகக்கூட இல்லை. தீனம் என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் வீடு திரும்புவது.

அப்பாதான், "சின்னப் பிள்ள வாசிச்சத வச்சு இருக்க முடியுமா? பெரிய சார்ட்ட ஒரு வார்த்த காட்டிட்டு வாறேன்," என்று படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பெரிய சார் எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர். சர்க்காருக்கு மனு எழுத வேண்டுமானாலும், பாஸ்போர்ட் படிவம் நிரப்ப வேண்டுமானாலும் ஊர் அவரிடம்தான் போகும். அரைமணி நேரத்தில் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பித்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். கூடவே பங்குச் சாமியார். பின்னால் அப்பா, தலையில் துண்டு போட்டுக்கொண்டு. சித்தி வாசலில் நின்று அந்த மூன்று பேர் வருவதைப் பார்த்தாள். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறந்துட்டாரு மக்களே. ஆஸ்பத்திரியில வச்சு இறந்திருக்காரு," என்றார் பெரிய சார்.

அம்மா போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. சித்தியைப் பெண்கள் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரிய சாரிடம் போனேன்.

"சார், அதுல தீனம்னுதான் போட்டிருக்கு. டி, ஐ, எஸ்."

அவர் கோபப்படவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். என் தலையில் கை வைத்தார்.

"அது வேற ஒரு வார்த்த மக்களே. டி, இ, சி. கேக்க ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். போஸ்ட் மாஸ்டர் போனுல கேட்டுத்தானே எழுதுனாரு? தப்பாக் கேட்டு எழுதிட்டாரு."

"இல்ல சார். தீனம்னுதான்..."

"தீனம்னா எவனாவது தந்தி அடிப்பானா?"

எனக்குப் பரிசாகக் கிடைத்த சின்ன அகராதி ஒன்று உண்டு. சிவப்பு அட்டை, மண்ணெண்ணெய் பட்டு ஓரம் கறுத்தது. பின்னாளில் அது எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய் அதை எடுத்து வந்து, அங்கேயே மணலில் குத்தவைத்துப் புரட்டினேன். அவர் சொன்ன வார்த்தையும் இருந்தது. நான் சொன்ன வார்த்தையும் இருந்தது. அவர் சொன்னது அதுவரை நான் பார்த்திராத வார்த்தை. இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"ரெண்டும் இருக்கு, சார். இதுல போட்டிருக்கது இது."

சாமியார் அகராதியை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் தலையை மெல்ல ஆட்டினார். சாமியார் அகராதியை மூடி என் கையில் கொடுத்தார்.

அம்மா அழுகைக்கு நடுவில் அப்பாவிடம் சொன்னாள், "நாரோயில் ஆபீசுல போய்க் கேளுங்களேன். அங்க சரியா எழுதி வச்சிருப்பாவ இல்லியா?"

"இப்பம் பஸ்ஸு ஏது? இன்னைக்குச் சனி, போயிச் சேருகதுக்கு ஆபீசு பூட்டிருவான். நாளைக்கு ஞாயிறு."

"திங்கக்கெழம போலாமே."

"அதுவரைக்கும் ஒரு ஆத்துமாவை செபமில்லாம போட்டிருக்கதா?" என்றார் சாமியார்.

மணி அடித்தார்கள். சாவுக்கான மணி இடைவெளி விட்டு அடிப்பது. ஒரு அடி விழுந்து, அதன் ரீங்காரம் கடல் சத்தத்தில் கரைந்து முடிந்த பிறகு அடுத்தது. நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். எத்தனை என்பது இப்போது மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை துக்கப் பூசை. உடல் இல்லாததால் கோயிலின் நடுவில் காலிப் பெட்டி ஒன்றை வைத்து மேலே கறுப்புத் துணி போர்த்தினார்கள். சுற்றி ஆறு மெழுகுவர்த்தி. காற்றில் துணியின் ஓரம் தூக்கும்போது பெட்டியின் பலகை தெரிந்தது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், வயதான பெண்கள் இருவர் சித்தியின் தாலியைக் கழற்றினார்கள். சித்தி கழுத்தைக் குனிந்து கொடுத்தாள், பேன் பார்க்கக் கொடுப்பதுபோல. அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அழுதாள். வாய்விட்டு, மூச்சு முட்ட, பெயர் சொல்லி அழுதாள். நான்காவது நாள் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனதும் இங்கிலீஷ் சிஸ்டரிடம் கேட்டேன். வீட்டு விஷயம் எதையும் சொல்லவில்லை. இந்த இரண்டு வார்த்தைக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் கேட்டேன். சிஸ்டருக்குச் சந்தோஷம். நல்ல கேள்வி என்று வகுப்புக்கே பொதுவாகக் கரும்பலகையில் இரண்டையும் எழுதினார்கள். நடுவிலுள்ள இரண்டெழுத்துக்குச் சிவப்புச் சாக்பீசில் கோடு போட்டார்கள்.

"இது செத்துப்போன மனுஷருக்கு மட்டும் சொல்றது. மரியாதையான வார்த்தை. இது நோய் பிடிச்சதுக்குச் சொல்றது. நோய் பிடிச்ச மரம். நோய் பிடிச்ச மாடு. நோய் பிடிச்ச ஈரல்."

"நோய் பிடிச்ச மனுஷரு, சிஸ்டர்?" என்றேன்.

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார்கள். "மனுஷருக்கு அப்படிப் போடமாட்டாங்க. அதுக்குச் சாதாரண வார்த்தை இருக்கே. ஒரு ஆளைப் பத்தி எழுதும்போது இந்த வார்த்தை வந்திருந்தா, எழுதினவருக்கு ஸ்பெல்லிங் தப்பு."

வகுப்பு முழுதும் இரண்டு வார்த்தையையும் ஸ்பெல்லிங்கோடு மூன்று முறை ஒப்பித்தது. நானும் ஒப்பித்தேன். சிஸ்டர் சொன்னது தப்பே இல்லை. இன்றைக்கும் இங்கிலீஷ் தெரிந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது எனக்குத் துக்கமாக இல்லை, கோபமாகவும் இல்லை. பரீட்சையில் ஒரு கணக்கு தப்பாகிவிட்டது என்று தெரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வீட்டுக்குப் போய் நான் எதுவும் பேசவில்லை. அகராதியை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போட்டேன்.

கடிதம் வரவில்லை. பெரிய சார் அங்கத்திய தபால்பெட்டி விலாசத்துக்கு உடலைப் பற்றி விசாரித்து எழுதினார். அதற்கும் பதில் இல்லை. கடிதம் வராததே சாவுக்கு இன்னொரு சாட்சியாகிவிட்டது. அங்கேயே அடக்கியிருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அப்படி நடக்காத ஊரா அது. முப்பதாம் நாள் பூசையும் வைத்தோம்.

ஆடி போய் ஆவணி வந்து கடல் அடங்கியது. சித்தி மாறினாள். வலை முடிவதை விட்டுவிட்டு அப்பாவோடு சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் சிப்பம் பார்த்துக்கொள்ள மட்டும். பிறகு தனியாகவே தக்கலைக்குப் போனாள். நெத்திலியை இரண்டு கையாலும் அள்ளிக் காட்டி விலை சொல்வாள். கறாராகப் பேசுவாள். நன்றாகச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள். கேசட்டை அம்மா எங்கோ ஒளித்து வைத்திருந்தாள், சித்தி அதைத் தேடவில்லை. ஒருநாள் கிணற்றடியில் நின்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன எதற்கோ சிரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டிருந்த சாயங்காலம், பள்ளி விட்டு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினேன். எனக்கு முன்னால் இறங்கிய ஆள் தோல்பை ஒன்றைக் காலடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சட்டை இரண்டு ஆள் போடலாம் போலத் தொங்கியது. திரும்பினார். கண் மஞ்சளாக இருந்தது.

"ஏட்டி," என்றார். "வளந்துட்டியே."

சித்தப்பா. எனக்குப் பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். டி, ஐ, எஸ் என்று மனதுக்குள் ஓடியது. அவ்வளவுதான் ஓடியது.

"சித்தி வீட்டுலதானே?"

"ஆமா."

அவர் பையைத் தூக்கப் போனார், முடியவில்லை. நான் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாகத் தோப்பு வழியே நடந்தோம். எதிரில் யாரும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு இன்னும் பத்து நிமிஷ நடைதான் இருந்தது. யாராவது அவரிடம் சொல்லியாக வேண்டும். அந்த வழியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"சித்தப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு மக்கா."

"நீங்க செத்துப் போனிய."

சிரித்தார். "யாரு, நானா?"

"ஆனியில தந்தி வந்துது. மணி அடிச்சாச்சு. பூசையும் வச்சாச்சு."

சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே தங்கி, பிறகு போயிற்று. பையைக் கீழே வைத்தார்.

"தீனம்னு சொல்லத்தானே அடிக்கச் சொன்னேன். கம்பவுண்டரு ஒரு மலையாளத்தான், அவன்தான் அடிச்சான். லெட்டரும் போட்டேன்னானே."

"லெட்டர் வரல்ல."

"பெட்டி வச்சாவளா?"

"வச்சாவ. உள்ள ஒண்ணும் இல்ல."

தென்னை மரம் ஒன்றில் கை ஊன்றி நின்றார்.

"அவ அழுதாளா?"

"அழுதா."

"ரொம்பவா?"

"மூணு நாளு."

"இப்பம்?"

"இப்பம் அழல்ல."

பையை எடுத்துக்கொண்டோம்.

சித்தி முற்றத்தில் பாய் விரித்து, மழை ஈரம் பட்ட கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. ஓடி வரவில்லை, மயங்கி விழவில்லை, கத்தவில்லை. கையிலிருந்த கருவாட்டைப் பாயில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். வெகுநேரம் அவரைப் பார்த்தாள். பிறகு, "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றார்.

உள்ளே போய்க் கிழங்கும் மீன்கறியும் எடுத்து வந்து வைத்தாள். அவர் சாப்பிட்டார். அவள் எதிரே நின்றாள். கறியில் உப்பு கூடிவிட்டதோ என்று கேட்டாள். அதற்குள் அம்மா அலறி ஊர் கூடிவிட்டது. சிலர் அவரைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்பா கோயிலுக்கு ஓடினார். அன்றைக்கு மணியை வேகமாக அடித்தார்கள், திருவிழாவுக்கு அடிப்பதுபோல.

பெரிய சார் மூன்று நாள் கழித்து வந்தார். சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் கடவுள் கிருபை," என்றார். பிறகு அப்பாவிடம், "இந்தப் போஸ்ட் மாஸ்டர் கொஞ்சம் ஒழுங்கா எழுதியிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்ல," என்றார். போஸ்ட் மாஸ்டர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என்னை அவர் பார்க்கவில்லை, பார்த்தும் பாராதிருந்தாரோ தெரியாது. இன்றைக்கு நினைத்தால் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இங்கிலீஷ் கொஞ்சமாகத் தெரிந்த ஒரு கம்பவுண்டர், தனக்குத் தெரிந்த வார்த்தையைப் போட்டு எழுதினார். அதைப் பாதி தெரிந்த நான் சரியாக வாசித்தேன். நன்றாகத் தெரிந்தவர்கள் தப்பாக வாசித்தார்கள். அப்பா மட்டும் சாகும்வரை அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசியதில்லை. யாராவது ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

சாமியார் பீடத்துக்கு முன்னால் அவர்களை நிறுத்தித் தாலியை மறுபடி மந்திரித்துக் கொடுத்தார். சித்தப்பா கட்டினார். முடிச்சு விழ நேரமாயிற்று. சித்தி குனிந்து நின்றாள், அன்றைக்குக் குனிந்த மாதிரியே. பூட்டியிருந்த வீட்டைத் திறந்து இருவரும் குடிபோனார்கள். பிறகு சித்தப்பா வளைகுடாவுக்குப் போகவில்லை. உடம்பு தேறிக் கட்டுமரம் ஏறினார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கடற்கரையில் அவரைச் செத்துப் பிழைச்சவன் என்று கேலி பண்ணுவார்கள், அவரும் சிரிப்பார். சித்தி வேளைக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் பத்துப் போட்டாள், சண்டை போட்டதே இல்லை. ஊரில் அவர்களைப் போல ஒரு ஜோடி இல்லை என்று சொல்வார்கள். எனக்கு மட்டும், அவர் பேசும்போது சித்தி கை வேலையை நிறுத்தியதே இல்லை என்பது தெரியும். பேசாமல் இருக்கும்போதும் நிறுத்தியதில்லை.

சித்தப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நெஞ்சுவலி, வீட்டு வாசலிலேயே. தகவல் கைப்பேசியில் வந்தது, தமிழில் வந்தது. நான் போனபோது பெட்டிக்குப் பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருந்தாள். ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். மகள் அழுதாள், மகன் அழுதான், நான்கூட அழுதேன். சித்தி அழவில்லை. கல் மனசு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கே அறுபதாகிறது, அவளுக்கு எழுபது. அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து தலை கிள்ளிப் போட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, அந்தத் தந்தியைப் பற்றிக் கேட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை.

"சித்தி, நான் அன்னைக்குத் தீனம்னுதான் வாசிச்சேன். உனக்கு ஓர்மை உண்டா?"

"ஏன் இல்லாம? முத்தத்துல நின்னு நீ பெரிய சார்ட்ட மல்லுக்கு நின்னது உள்ள கெடந்த எனக்குக் கேட்டுதே."

"கேட்டுதா? பொறவு ஏன் நீ ஒண்ணும் சொல்லல்ல?"

"எல்லாரும் செத்தாருன்னு சொல்லும்போ நான் மட்டும் என்னத்தச் சொல்ல?" நெத்திலியை அலசி, தண்ணீரைச் சாய்த்தாள். "நீயும்தானே பொறவு ஒண்ணும் சொல்லல்ல."

"பள்ளிக்கூடத்துல சிஸ்டர், நான் வாசிச்சது தப்புன்னுட்டாவ."

"செரி, விடு. நீ கொச்சுப் பிள்ள."

அலசிய மீனில் மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறினாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"அவரு போன ரெண்டு வருசமும் தெனமும் பயந்துக்கிட்டே கெடந்தேன் மக்கா. காத்தடிச்சா பயம். கேசட்டுல பேச்சு நின்னா பயம். அன்னைக்குச் செத்தாருன்னு சொன்னாவ பாத்தியா, அழுதேன், நெஞ்சு வெடிக்க அழுதேன். நாலாம் நாளு எந்திச்சா பயம் இல்ல. ஒண்ணுமே இல்ல. சந்தைக்குப் போனேன், வந்தேன், ஒறங்குனேன்."

"சித்தப்பா திரும்பி வந்தப்போ?"

சித்தி கையைக் கழுவினாள். சொல்லலாமா என்று ஒரு முறை என்னைப் பார்த்தாள்.

"முத்தத்துல வந்து நின்னாரு இல்லியா. அவர பாத்ததும் எனக்கு வேற ஒண்ணும் தோணல்ல மக்கா. இவரு இன்னொருக்கா சாக வேண்டி வருமேன்னுதான் தோணிச்சு."

சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றினாள். காய்வதற்காக இருவரும் காத்திருந்தோம்.